புத்தகத்தோடு போன சேதி

பேத்தியின் பள்ளிக்கூட ரெக்கார்டு நோட்டுகளைச் சேர்த்துத் தைக்க வேண்டியிருந்தது. பாளையங்கோட்டை தெற்கு பஜார் பக்கம் ஒரு சந்துக்குள் பைண்டிங் கடை இருப்பதாகச் சொன்னார்கள். போனால், முன்பக்கம் முழுக்கச் சுருள் கம்பியும் பிளாஸ்டிக் அட்டையும்தான். உள்ளே ஒரு மூலையில் மட்டும் பெரியவர் ஒருவர் தரையில் உட்கார்ந்து ஏதோ கணக்குப் பேரேட்டைத் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தகர டப்பாவில் பசை. மைதாவோடு மயில்துத்தம் சேர்த்துக் காய்ச்சியது, பூச்சி அரிக்காது. அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் கடைப் பையன் "எத்தனை நோட்டும்மா?" என்று கேட்டது காதில் விழவில்லை.

அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டு மரப்பீரோவைத் திறந்தால் அதே வாடை வரும். துணிமணி இருக்க வேண்டிய பீரோவில் கீழ்த்தட்டு இரண்டும் பெரியம்மாவின் புத்தகங்கள். கடையில் வாங்கியவை அல்ல. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதைகளைப் பக்கம் பக்கமாகப் பிரித்தெடுத்து, தொடர் முடிந்ததும் அடுக்கி, பைண்டர் அண்ணாச்சியிடம் கொடுத்துத் தைத்தவை. குத்தூசியால் துளை போட்டு, நூல் கோத்து, முதுகில் காலிகோ ஒட்டி, மேலே கோலம் கலைந்தது மாதிரியான மையோட்டக் காகிதம் போட்டுத் தருவார். கதைக்குப் பின்பக்கம் என்ன அச்சாகியிருந்ததோ அதுவும் கூடவே வந்துவிடும். கதாநாயகி கண் கலங்கும் இடத்துக்கு எதிரே கோபால் பல்பொடி விளம்பரம். இன்னொரு பக்கத்தில் ஒரு நகைச்சுவைத் துணுக்கின் முதல் பாதி. மறுபாதி எந்தக் கடையில் பொட்டலமாகப் போனதோ. அந்தத் துணுக்குகளுக்கெல்லாம் நானே முடிவு கட்டிக்கொள்வேன்.

ஏதாவது ஒரு வாரம் பத்திரிகை கிடைக்காமல் போனால் பைண்டில் ஓட்டை விழும். அதற்கும் வழி வைத்திருந்தார்கள். அந்த வாரத்தை வேறு வீட்டில் படித்தவர் யாரோ, அவர் கோடு போட்ட தாளில் நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். அண்ணாச்சி அந்தத் தாளையும் சேர்த்துத் தைத்துவிடுவார். எழுதுகிறவர்கள் நடந்ததை மட்டும் எழுதிவிட்டுச் சும்மா இருப்பார்களா? 'இந்த வாரம் அவன் வீட்டுக்கு வந்து அவளிடம் பேசினான். பேசியிருக்க வேண்டாம். அவளுக்கு நல்ல காலம், அப்பா வந்துவிட்டார்' என்று மேலவீட்டு மதினி எழுதிக் கொடுத்த தாள் ஒன்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வெகுநாள் வரை அதையும் ஆசிரியரே எழுதியதாகத்தான் நினைத்திருந்தேன். அவருடைய நடையை விட மதினியின் நடை எனக்குப் பிடித்திருந்தது என்பதை இப்போது சொல்லலாம்.

பெரியப்பாவுக்கு விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை. அவர் சைக்கிள் தெரு முனையைத் தாண்டி, பகல் சமையலும் ஒழிந்த பிறகு, எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு கூட்டம் சேரும். ஒருத்தர் பூக்கட்டுவார், ஒருத்தர் அரிசியில் கல் பொறுக்குவார். பெரியம்மா வாய்விட்டுப் படிப்பார். ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கூட்டத்தில் கடைசி வார்த்தை ஆச்சியுடையதுதான். நா. பார்த்தசாரதி, மணிவண்ணன் என்ற பெயரில் கல்கியில் எழுதிய 'குறிஞ்சி மலர்' வந்த காலத்தில் ஊர் ஊராகப் பிள்ளைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயர் வைத்தார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு அரவிந்தன் இருந்தான். பின்னால் அந்த பைண்டை வைத்துப் பெரியம்மா மறுபடி படித்தபோது, அரவிந்தன் செத்துப்போகும் இடம் வந்ததும் எல்லாரும் மூக்கை உறிஞ்ச, ஆச்சி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள்: "செத்துப்போறவன் பேரையா பிள்ளைக்கு வச்சாக?" அந்த வீட்டு மதினி அதற்குப் பிறகு கொஞ்ச நாள் பின்கட்டுப் பக்கமே வரவில்லை.

வராதவர்களுக்குப் புத்தகம் வீடு தேடிப் போகும். கொண்டுபோகிற ஆள் நான். வெறும் புத்தகத்தை மட்டும் கொடுத்துவிட்டு வந்தால் போதாது. "ஏட்டி, நேரா போயி மேலவீட்டு மதினிட்ட குடு. குடுத்துட்டு நான் சொன்னேன்னு சொல்லு, அந்த அக்காக்காரி செஞ்சதுதாம் சரி. முழுசாப் படிக்காம அவளக் குத்தஞ் சொல்லாண்டாம்னு சொல்லு" என்று பெரியம்மா சேதியும் சேர்த்து அனுப்புவார். மதினி அடுப்படியிலிருந்தே பதில் தருவார்: "உங்க பெரியம்மாவுக்கு மூத்த மருமகன்னா எப்பவும் ஒரு இளக்காரம். போயிச் சொல்லு." நான் இரண்டையும் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். கதை எனக்குத் தெரியாது. ஆனால் யார் யாருக்குச் சண்டை என்பது தெரியும். புத்தகத்தைக் கையில் எடுப்பதற்கு முன்பே நான் கட்சி சேர்ந்துவிட்டிருப்பேன்.

ஆம்பிளைகளுக்குச் சண்டைபோட இடம் கிளை நூலகம். வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுவதால் அங்கே எல்லாருக்கும் குரல் கொஞ்சம் ஓங்கியே இருக்கும். 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்த பிறகு ஏற்பட்ட ஏற்பாடு அது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் பல வருஷம் அலைந்து, அவிநாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது நிறைவேறிய சட்டம். பெரியப்பா சாண்டில்யன் கட்சி. 'கடல் புறா'வில் கப்பல் விஷயம் மட்டும்தான் தனக்குப் பிடிக்கும் என்பார். நம்புகிறவர்கள் நம்பலாம்.

அந்த நூலகத்துப் புத்தகங்களின் ஓரங்களில் பென்சிலால் ஊரே எழுதியிருக்கும். 'இங்கே அழுதேன்', 'பொய், இப்படி யாரும் பேச மாட்டார்கள்', 'அடுத்த இரண்டு பக்கத்தைத் தாண்டிவிடலாம், மழை வர்ணனை'. எழுதக் கூடாது என்று சுவரில் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. தமிழ்வாணனின் சங்கர்லால் துப்பறியும் கதை ஒன்றின் முதல் பக்கத்திலேயே ஒரு புண்ணியவான் கொலைகாரன் பெயரை எழுதி வைத்துவிட்டான். அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில், 'இவன் இல்லை'. அதற்குக் கீழே மூன்றாவது கையெழுத்தில் இன்னொரு பெயர். இதனாலேயே அந்தப் புத்தகம் அலமாரியில் தங்கவே இல்லை. மூன்று பேரில் யார் சொன்னது சரி என்று பார்க்க ஊரே எடுத்துப் படித்தது. நூலகர் அதை அழிக்கவும் இல்லை. "அழிச்சா யாரு எடுப்பா?" என்றார்.

'பொன்னியின் செல்வ'னில் மட்டும் யாராலும் அப்படிப் பெயர் எழுத முடியவில்லை. 1950-இல் தொடங்கி 1954 வரை கல்கியில் வந்த கதை. அது முடிந்த அதே வருஷம் டிசம்பரில் ஆசிரியரும் காலமாகிவிட்டார். ஆதித்த கரிகாலனைக் குத்தியது யார் என்பதை அவர் நாலு பேர் மேல் சந்தேகம் விழும்படி விட்டுவிட்டுப் போனதில், ஐந்து பாகம் படித்தவர்களுக்கும் தீர்ப்பு தெரியாது. பெரியம்மா நந்தினியை விட்டுக்கொடுக்க மாட்டார். "அவ கொன்னிருக்க மாட்டா, நான் அடிச்சுச் சொல்லுதேன்" என்பார். தெருவில் குடியிருந்த தமிழ் வாத்தியார், உடையார்குடிக் கல்வெட்டில் ரவிதாசன், சோமன் என்று பெயர்களே வெட்டியிருக்கிறது, கதைக்கு வெளியே போய்ப் பாருங்கள் என்று சொல்லியனுப்பினார். சேதி கொண்டுவந்தது நான்தான். "கல்லுல வெட்டினது ராசா வீட்டு ஆளுக. அவுக சொல்லுதத வாத்தியார் நம்பட்டும். நான் பாத்தது எனக்குத் தெரியும்" என்றார் பெரியம்மா. பார்த்தது என்றுதான் சொன்னார், படித்தது என்று சொல்லவில்லை. மணியம் வரைந்த படங்களை அவ்வளவு நேரம் பார்த்திருக்கிறார். 2022-இல் மணிரத்னத்தின் படம் வந்தபோது திருநெல்வேலி பஸ்ஸில் இரண்டு கல்லூரிப் பையன்கள் இதே வழக்கை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருவன் பெரியம்மா கட்சி. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி நானும் போனேன்.

இப்படிச் சிரிப்பும் சண்டையுமாகப் போய்க்கொண்டிருந்த பின்கட்டு ஒரே ஒரு புத்தகத்துக்கு அடங்கிப்போனது. ஜெயகாந்தனுடையது.

1966-இல் ஆனந்த விகடனில் அவர் 'அக்கினிப் பிரவேசம்' எழுதியபோது நான் சிறுமி. மழையில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரிப் பெண் ஒருத்தி, முன்பின் தெரியாதவன் காரில் ஏறிப் போய் வாழ்க்கை கலங்கி வீடு திரும்புகிறாள். தாய் அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய், யாரிடமும் சொல்லாதே என்று அணைத்துக்கொள்கிறாள். இவ்வளவுதான் கதை. தமிழ்நாட்டில் எத்தனை வீட்டில் அன்று சோறு ஆறிப்போனதோ. எதிர்த்தும் ஆதரித்தும் பெரிய விவாதம் நடந்தது. ஜெயகாந்தன் சும்மா இருக்கிற ஆளா? அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று ஒரு நாவலே எழுதினார். தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்ற பெயரில் தொடராக வந்து, பிறகு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' ஆன கதை அது. 1972-இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. நாவலில் அந்தப் பெண்ணான கங்காவின் அம்மா பத்திரிகையில் ஒரு கதையைப் படித்துவிட்டு அழுகிறாள். தண்ணீர் கொட்டிய அந்தத் தாயின் கதையைத்தான். வாசகர்கள் போட்ட சண்டையையே எடுத்து நாவலுக்குள் வைத்துவிட்டார் அந்த மனிதர். வாசகர் அபிப்பிராயத்துக்குத் தமிழில் ஒரு எழுத்தாளர் தந்த இவ்வளவு பெரிய பதில் வேறு எனக்குத் தெரியாது.

பெரியம்மா அதை பைண்டாக வைத்துப் படித்துக் காட்டியபோது நான் பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புக்கு வந்துவிட்டிருந்தேன். என்னை வெளியே போகச் சொன்னார்கள். கதவுக்குப் பின்னால் நின்றேன். முதலில் வழக்கம்போல் கட்சி பிரிந்தது. காரில் ஏறினது யார் குற்றம்? அண்ணன்காரன் அடித்துத் துரத்தியது சரியா? மழை நேரத்தில் தனியாக நின்றிருக்கலாமா? குரல்கள் ஏறி இறங்கின. அப்புறம் மெல்ல மெல்லக் கங்காவின் பேர் குறைந்தது. "எங்க சின்னத்தை மக ஒருத்தி இருந்தா" என்று ஒருத்தர் ஆரம்பித்தார். "கல்லிடைக்குறிச்சியில ஒரு வீட்டுல" என்று இன்னொருத்தர். தங்கள் வீட்டில் வாய் திறந்து சொல்ல முடியாததையெல்லாம் அந்தப் பெண்கள் கங்காவின் பேரில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கதை பேசுகிறார்கள் என்று மில்லிலிருந்து திரும்பிய பெரியப்பா நினைத்துக்கொண்டு முன்கட்டிலேயே காபிக்குக் காத்திருந்தார்.

கடைசியில் ஆச்சி சொன்னாள்: "மொதக் கதையில தண்ணி ஊத்தினாளே, அவ தாயி. இவ ஊருக்குப் பயந்தவ. ரெண்டு பேரும் இருக்கத்தான் செய்யுதாக." யாரும் பதில் பேசவில்லை.

அந்த பைண்டைத் தெற்குத் தெரு மதினி ஒருவர் கேட்டு வாங்கிப் போனார். அவர் கூட்டத்துக்கு வருவாரே தவிர ஒருநாளும் அபிப்பிராயம் சொன்னவர் இல்லை. படித்துத் திருப்பித் தந்தார். ஒரு மாதம் போல் கழித்து மறுபடி கேட்டார். இந்த முறை திரும்பி வரவில்லை. மற்றவர்கள் ஒரு வாரம் தாமதித்தாலே என்னை விரட்டுகிற பெரியம்மா வாய் திறக்கவில்லை. நானாகவே "போயி வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டபோது ஆச்சிதான், "இருக்கட்டும். கேக்காத" என்றாள். 1977-இல் பீம்சிங் எடுத்த படம் வந்தபோது எல்லாரும் சேர்ந்து போனார்கள். கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. பெரியம்மாவுக்குக் கார்க்காரன் பிரபுவைத்தான் பிடிக்கவில்லை, "நான் நெனச்ச ஆளு வேற" என்று வழியெல்லாம் குறைபட்டுக்கொண்டு வந்தார். தெற்குத் தெரு மதினி படத்துக்கு வரவில்லை.

அபிப்பிராயம் சொல்வதில் எங்கள் சீமைக்குப் பெரிய பரம்பரையே உண்டு. திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி. வீட்டு வட்டத்தொட்டியில் கம்பனை வைத்துக்கொண்டு கூடிக் கூடிப் பேசியிருக்கிறார்கள். டி.கே.சி. வெறுமனே தலையாட்டி ரசித்தவர் அல்ல. இந்தப் பாட்டு கம்பன் பாடியிருக்க முடியாது என்று தோன்றினால் தள்ளிவிடுவார். அப்படித் தள்ளியதுபோக மிஞ்சியதைத் தனியாகப் பதிப்பித்தே விட்டார். புலவர்களுக்கு வந்த கோபம் கொஞ்சமா? அவர் செய்தது சரியா என்று நான் சொல்ல மாட்டேன், அந்தப் படிப்பு எனக்கு இல்லை. ஆனால் ஒரு வாசகருக்கு அவ்வளவு துணிச்சல் இருந்தது என்பதில் எனக்கு ஒரு ஊர்ப் பெருமை. அவருக்கு அடுத்த தலைமுறையில் தி.க.சி. டவுன் சுடலைமாடன் கோயில் தெருவில் இருந்துகொண்டு, எங்கோ ஒரு சிறுபத்திரிகையில் முதல் கதை எழுதிய பையனுக்குக்கூடப் படித்த சூட்டோடு அஞ்சலட்டை போடுவார். 'தாமரை' இதழை நடத்தியவர், விமரிசனத்துக்காக 2000-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றவர். ஆனாலும் ஊரில் அவரைப் பற்றிப் பேசினால் அந்த அட்டைகளைத்தான் சொல்வார்கள். 2014-இல் அவர் மறைந்தபோது, அவர் எழுதிய அட்டைகளை எத்தனை பேர் எடுத்துப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது யாராவது ஒரு புத்தகத்தைப் படித்தேன் என்றால் அடுத்த வார்த்தை 'அருமை' என்று வருகிறது. போனால் போகிறதென்று 'மிக அருமை'. இதற்கு என்ன பதில் சொல்வது? பொருநை புத்தகத் திருவிழாவில் பை பையாக வாங்கிக்கொண்டு போகிறார்கள், பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. போன வருஷம் வாங்கியதில் எந்த ஆள்மேல் கோபம் வந்தது என்று கேட்டால் முழிக்கிறார்கள். முன்னே மாதிரி ஊரே ஒரே வாரம் ஒரே அத்தியாயத்தைப் படிப்பதில்லை, அதுவும் ஒரு காரணம். ஒருவர் படித்ததை மற்றவர் படித்திருப்பதில்லை. அப்படியிருக்க யாரோடு சண்டை போடுவது?

அதற்காகத்தான் மகாராஜ நகரில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் நாங்கள் சில பேர் மாதம் ஒருமுறை கூடுகிறோம். எல்லாரும் ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு வர வேண்டும். 'அருமை' என்ற வார்த்தைக்கு அனுமதி இல்லை, மீறிச் சொன்னவர் அன்றைய டீச் செலவைக் கொடுக்க வேண்டும். ரிட்டையரான டீச்சர்கள், ஒரு நர்ஸ், இரண்டு கல்லூரிப் பெண்கள், துணிக்கடையில் வேலைபார்க்கும் ஒருவர்.

சமீபத்தில் இமையத்தின் 'செல்லாத பணம்' எடுத்தோம். 2020-க்கான சாகித்ய அகாதெமி விருது பெற்ற நாவல். எஞ்சினியரிங் படித்த ரேவதி, வீட்டை எதிர்த்து ஆட்டோ ஓட்டும் ரவியைக் கட்டிக்கொள்கிறாள். பிறகு தீக்காயத்தோடு ஜிப்மர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். வெளியே பெற்றவர்களும் பணமும் காத்துக்கிடக்க, கதை நகர்கிறது. டீச்சர்கள் கல்யாணத்தன்றே பெற்றோர் சேர்த்துக்கொண்டிருந்தால் இது நடந்திருக்குமா என்று கேட்டார்கள். கல்லூரிப் பெண்கள், அவள் ஏன் திரும்பி வரவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். "வாசப்படி மிதிக்காதேன்னு சொன்ன வீட்டுக்கு எப்படி வருவா?" என்றார் துணிக்கடைக்காரர். நர்ஸ் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "தீக்காய வார்டுல வர்ற பொம்பளைங்ககிட்ட எப்படிம்மா ஆச்சுன்னு கேட்டா எல்லாரும் ஸ்டவ் வெடிச்சுதுன்னுதான் சொல்லுவாங்க. பக்கத்துல வீட்டுக்காரன் நிப்பான்" என்றார். அதற்குப் பிறகு ரேவதியைப் பற்றி யாரும் பேசவில்லை. அவரவர் தெரிந்தவர்களைப் பற்றிப் பேசினோம். இருட்டி, மாடி விளக்கைப் போட்ட பிறகும் பேசினோம்.

அடுத்த மாதம் சோ. தர்மனின் 'சூல்'. உருளைக்குடிக் கண்மாயின் கதை. கரிசல் பக்கத்திலிருந்து வரும் டீச்சர் ஒருவர், அதில் தனக்கு ஒரு வழக்கு இருப்பதாக இப்போதே சொல்லியனுப்பியிருக்கிறார். என்ன வழக்கு என்று சொல்ல மறுக்கிறார். பாளையங்கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் படித்துவிட்டு வாருங்கள். பாதி படித்திருந்தாலும் பரவாயில்லை, எதிர்க்கட்சிக்கு ஆள் குறைவாக இருக்கிறது.